மாதாவின் நாற்காலி

"உன் காலை யாராவது கழுவிவிட்டிருக்கிறார்களா, சந்திரா?"

வீட்டு எசமானி சிஞ்ஞோரா இதைக் கேட்டபோது சந்திரமதி மாளிகைப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றாள். அப்படியானால் சூசையப்பர் திருநாளன்று மாதாவின் நாற்காலியில் நீதான் உட்கார வேண்டும் என்றாள் சிஞ்ஞோரா.

இத்தாலியின் அந்தப் பகுதியை ஸ்பானிய அரசன் ஆண்ட காலத்தில் அந்த வீட்டார் சிற்றரசர்கள். பட்டம் செல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. திருநாள் மட்டும் நிற்கவில்லை. மூன்று ஏழைகளைச் சூசையப்பர், மாதா, பாலன் எனத் திருக்குடும்பமாக இருத்தி, வீட்டுப் பிரபுவே கால் கழுவி உணவு பரிமாறுவார். மாதாவின் இடம் வேலைக்காரி ஒருத்திக்குக் கிடைப்பது அபூர்வம்.

பெர்மேசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தது; அதற்கு வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். உழைக்கிற நேரம் முழுவதையும் காட்டி ஒப்பந்தம் எழுதித் தரும்படி சந்திரமதி தை மாதமே கேட்டிருந்தாள். "திருநாள் முடியட்டும்" என்பதுதான் பதில். இப்போது நாற்காலியே கிடைத்துவிட்டது. ஊர்க் கோவிலில் பரிவட்டம் கட்டி முதல் காளாஞ்சி வாங்கியவரை யாரும் மறுநாள் தள்ளிவைத்ததில்லை. இனி என்ன பயம்?

"பட்டுச் சீலையோ அக்கா கட்டப்போறியள்?" என்று கேட்டாள் கேசிகா. ஒன்றுவிட்ட தங்கச்சி, போன வருடம் சந்திரமதிதான் அவளை அங்கே அரைநேர வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

"பின்னை? பிரபு என்ரை காலைக் கழுவப்போறார். உன்ரை அத்தான் இந்தக் காலை ஒருநாளும் பிடிச்சுவிட்டதில்லை."

"அத்தானையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பாக்கட்டும்."

கணவன் சோதிலிங்கம் வந்தான். இத்தாலியன் அவ்வளவாகத் தெரியாதவன். சமையற்காரருக்குப் பின்னால் நின்று போனில் படம் பிடித்தான். வக்கீல்களும் நகரசபைக்காரர்களும் பார்த்திருக்க, பிரபு முழந்தாளிட்டுக் கழுவினார், துடைத்தார், பாதத்தில் முத்தமிட்டார். சந்திரமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

சிஞ்ஞோரா எழுந்தாள்.

"முத்தமிட்ட காலுக்குரியவரை அதன் பிறகு ஏவுவது பாவம். ஆகவே வேலையிலிருந்து விடுவித்துவிடுவோம். இது எங்கள் வீட்டு வழக்கம்."

"அரசனுக்கு ஒற்று வேலை பார்த்த கணக்கப்பிள்ளையை இப்படித்தானே அனுப்பினார்கள்?" என்று கேட்டார் ஒரு வக்கீல்.

"ஒருவரா, மூவர். ஒருவராலும் வழக்குப் போட முடியவில்லை. என் காலைக் கழுவிவிட்டார்கள் என்று எந்த நீதிபதியிடம் போய் அழுவது?"

மேசை முழுவதும் சிரித்தது.

"சிஞ்ஞோரா, என் ஒப்பந்தம்?" சந்திரமதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"மாதாவுக்கு எதற்கு ஒப்பந்தம்? சாப்பிடு, ஆறிவிடும். நாளையிலிருந்து கேசிகா முழுநேரம். போன வாரமே கையெழுத்தாகிவிட்டது."

எல்லோரும் கைதட்டினார்கள். மனைவிக்குத்தான் பாராட்டு என்று நினைத்துச் சோதிலிங்கமும் போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினான்.

கேசிகா எச்சில் தட்டுகளை எடுக்க வந்தாள். சந்திரமதி அவள் கையைப் பிடித்தாள்.

"போன கிழமையே தெரியுமோடி உனக்கு? தெரிஞ்சுகொண்டோ அத்தானையும் கூட்டிவரச் சொன்னனீ?"

கேசிகா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். குசினிப் பக்கம் போய்விட்டாள்.