அட்டாச்டு பாத்ரூமில் முறிந்த தோள்

உண்மையை எத்தனை ஆழத்தில் புதைத்தாலும் ஒருநாள் அது வெளியே வந்தே தீரும். கோயமுத்தூர் வாகன விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் அது மூன்று வருஷமாக வெளியேதான் இருந்தது. காலை பத்தரைக்கு வந்து வராண்டா பெஞ்சில் உட்காரும். மத்தியானம் வாய்தா வாங்கிக்கொண்டு கருமத்தம்பட்டிக்கு பஸ் ஏறும்.

அந்த உண்மையின் பெயர் செங்கோட்டையன். வயது ஐம்பத்தெட்டு. எட்டு விசைத்தறிக்கு முதலாளி. வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. தறி நாடாவில் நூல் தீர்ந்த தாரை மாற்றக்கூட மனைவி பழனாத்தாள்தான் ஓட வேண்டும். தோளில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் முக்கால்வாசி சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நட்டஈடு வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் தைலம்.

தோள் முறிந்தது மகள் லோகப்பிரியாவின் நிச்சயதார்த்தத்தன்று. காலையில் சம்பந்தி கதிர்வேலுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார் செங்கோட்டையன். வாசலில் கிரானைட், ஹாலில் தொங்கும் விளக்கு, ஹாலின் கோடியில் தாழ்ப்பாள் போட்ட ஒரு தேக்குக் கதவு. "இது அட்டாச்டு பாத்ரூமுங்க. இப்ப மோட்டாருதான் ரிப்பேரு" என்றார். சம்பந்தி தலையாட்டினார். கறிவிருந்து மாதிரியே செய்திருந்த காளான் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

விருந்து முடிந்ததும் கதிர்வேல் திடுமென்று எழுந்து போய், புதுக் காரை ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் பார்க்க அந்தக் காரில் கேமரா இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. வழியனுப்ப வந்த செங்கோட்டையன் காருக்கு நேர் பின்னால் கைகூப்பி நின்றார். கார் தன் மேல் வருவது தெரிந்தது. சம்பந்தியைக் கும்பிட்ட கையைப் பாதியில் எடுத்துவிட்டு ஓடுவது மரியாதையா என்று ஒரு நொடி யோசித்தார். காருக்கு அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி நின்றதும் நிற்காததுமாகக் கதிர்வேல் கதவைத் திறந்து உள்ளே ஓடினார். ஸ்ட்ரெச்சருக்காகத்தான் ஓடுகிறார் என்று செங்கோட்டையன் வலியிலும் நெகிழ்ந்துபோனார். கால்மணி நேரம் கழித்து சம்பந்தி வெறுங்கையோடு திரும்பி வந்தார். அதற்குள், எப்படி அடிபட்டது என்று கேட்ட டூட்டி டாக்டரிடம் செங்கோட்டையன் பதில் சொல்லி முடித்திருந்தார். டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதியும் முடித்திருந்தார்: வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தது.

மூன்று மாதம் கழித்தும் கை எழும்பாதபோது கதிர்வேலே சொன்னார்: "கேஸ் போடுங்க சம்பந்தி. இன்சூரன்ஸ்காரன்தான குடுக்கப்போறான்."

இன்சூரன்ஸ்காரன் தீர்ப்பாயத்தில் அந்தப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தான்.

"இந்த ஒத்த வரிதாங்ணா நம்மளக் கொல்லுது" என்றார் வக்கீல் கரீம். கோட்டைமேட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து, தினமும் இதையே சொல்லி அலுத்தவர். "கார் மோதுனது நெசம். தோள் ஒடஞ்சது நெசம். அதனாலதான் இது ஒடஞ்சதுன்னு காட்டோணுமில்லீங்க? சம்பந்தி மேல போலீஸ் கேஸ் ஆயிரும்னு பயந்து பொய் சொன்னீங்க, செரி. தறிக்குடோன்ல உழுந்தேன்னு சொல்லியிருக்கலாமில்ல? பாத்ரூம் எதுக்குங்ணா?"

"படிச்ச டாக்டருங்க. நம்ம ஊட்டுலயும் இருக்குதுன்னு தெரியட்டுமேன்னு…"

"இருக்குதாக்கும்" என்றாள் பழனாத்தாள்.

"நீ சும்மாரு. சம்பந்தி அங்கதான் உக்காந்திருக்கறாரு."

கூண்டில் ஏறியதும் செங்கோட்டையன் நீதிபதியைக் கும்பிட்டார். வலது கை பாதியில் நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. நீதிபதி வேறொரு வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அம்மாள் எழுந்தார். குரலில் கடுமையே இல்லை. அதுதான் ஆபத்து. மரியாதையாகக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லிச் செங்கோட்டையனுக்குப் பழக்கமில்லை.

"உங்க பாத்ரூம்ல டைல்ஸ் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்குதுங்க மேடம். நல்ல ஒசத்தி டைல்ஸுங்க."

"ஈரமா இருந்தா வழுக்கும், இல்லையா?"

"வழுக்குமுங்க."

"அப்ப டாக்டர் எழுதினது சரிதானே?"

"மேடம் சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்…"

கரீம் கண்களை மூடிக்கொண்டார். மூன்று வருஷ வழக்கு ஒரு மரியாதையில் முடிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க!" பின்வரிசையில் பழனாத்தாள் எழுந்து நின்றாள். "இன்னும் எத்தனை வருசத்துக்குங்க அந்த மோட்டாரு ரிப்பேரு? அய்யா, அதுக்குள்ள தண்ணிக் குழாயே கெடையாதுங்க. ஊடு கட்டுன நாள்ல இருந்து நூல் மூட்டைதானுங்க அடுக்கியிருக்குது. எலி நொழைஞ்சாக்கூட வழுக்கி உழுவ எடமில்லீங்க. நாங்க தறிக்குடோனுக்குப் பொறத்தால தகரத் தடுப்புலதானுங்க குளிக்கறோம்."

உட்காரச் சொன்னார் நீதிபதி. பிறகு முதல்முறையாகக் கூண்டைப் பார்த்தார். "அந்தம்மா சொல்றது உண்மையா?"

செங்கோட்டையன் நீதிபதியைப் பார்க்கவில்லை. சம்பந்தி உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். மருமகன் கிருபாசங்கர் விருந்துக்கு வந்தபோதெல்லாம் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியது நினைவுக்கு வந்தது. வலிக்கிற தோளை இடது கையால் தாங்கிக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார்.

இன்சூரன்ஸ் அம்மாள் அசரவில்லை. "இன்னைக்கு நூல் மூட்டை இருக்கலாம். சம்பவத்தன்னைக்கு இருந்துதுன்னு வெளியாள் யாராவது பார்த்தாங்களா?"

யாரும் பார்த்ததில்லை. பார்க்காமலிருக்கத்தானே தேக்குக் கதவு.

அடுத்து காரின் உரிமையாளரைக் கூப்பிட்டார் கரீம், நம்பிக்கையே இல்லாமல். தேங்காய் வியாபாரிகள் சங்கத் துணைத்தலைவர், கையில் தங்கக் காப்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா: கதிர்வேல் கூண்டில் ஏறித் தொண்டையைச் செருமினார். சம்பந்தியின் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"நான் பாத்தனுங்க."

"எதை?"

"நூல் மூட்டையைங்க. நிச்சயத்தன்னைக்கு, சாப்புட்டு முடிச்சதுமுங்க. தாழ்ப்பாளத் தொறந்தேன். மேல வரைக்கும் மூட்டைங்க. கேட்டா அவரு சங்கடப்படுவாருன்னு சத்தமில்லாம சாத்திப்போட்டு வந்துட்டேன்."

"நீங்க எதுக்கு அந்தக் கதவைத் திறந்தீங்க?" என்று கேட்டார் இன்சூரன்ஸ் அம்மாள். கேட்டிருக்க வேண்டாம்.

கதிர்வேல் காப்பைத் திருகினார். "அவசரமுங்க. மெயின் ரோட்டுல எங்கியாச்சும் போயிரலாம்னுதான் வண்டிய எடுத்தேன். அந்த அவசரத்துலதானுங்க பின்னால பாக்கல."

தட்டச்சு செய்பவர் கையை நிறுத்தி, அவசரம் என்றால் என்னவென்று போடுவது என்று கேட்டார். நீதிபதி விளக்கம் கேட்டார். கதிர்வேல் விளக்கினார்.

பதிவானது இது: சம்பவ நேரத்தில் காரை ஓட்டியவருக்குப் பேதி.