ஏழாம் நம்பர் வழி கேட்கவில்லை

அன்று வண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர். முன்சீட்டில் மேட்ரன். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் சொல்லி அழைக்கும் வயதுக்காரர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் சொந்தபந்தத்துக்கு அவள் மேட்ரன்தான். ஓட்டியவன் அவளுடைய தம்பி. முப்பத்து நான்கு வருடம் ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவன், அதனால் அவனுக்குப் பெயரே ஏழாம் நம்பர். பின்சீட்டில் அவன் மனைவி, மடியில் ஒரு துணிப்பையுடன். அவளுக்குப் பக்கத்தில் மூத்த மகன், லிஃப்ட் மெக்கானிக், கையில் போனுடன். இவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் கூட இருந்தார், யாரோ நடுவில் இறங்கிக்கொண்டார்கள் என்று பிற்பாடு பேசியதெல்லாம் பேசத் தெரிந்தவர்கள் பேசியது.

ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டிய மகள், சின்னவள், காலையிலேயே கம்பெனி வேனில் போய்விட்டாள். கப்பலில் ரொட்டியும் கேக்கும் சுடும் வேலை. ஒன்பது மாத ஒப்பந்தம். சீசன் தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பயணிகள் வருவதற்கு முன் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட, அந்தக் கப்பல் புதிதாகக் கட்டிய டெர்மினலில் முதல் தடவையாக வந்து நின்றிருந்தது.

அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மூன்று மாதமாக அப்பன் மகளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவன் மனைவியைப் பார்த்து, “உன் பொண்ணுகிட்ட உப்பை எடுக்கச் சொல்லு” என்பான். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. உப்பை நகர்த்திவிட்டு, “அம்மா, உப்பு வந்து சேர்ந்துடுச்சுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க” என்பாள். நான் என்ன தபால் ஆபீஸா என்று நடுவில் இருந்தவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

மேட்ரன் தம்பியின் பக்கம் நின்றாள். நம் வீட்டுப் பெண் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நடுக்கடலில் மாவு பிசைவதா என்று கேட்டாள். அவளே இருபது வயதில் வீட்டை விட்டுப் போய், ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் புண் கழுவியவள்தான். அதை நினைவூட்டும் நெஞ்சுரம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

ஆனால் முந்தின நாள் சாயங்காலம் தம்பி வண்டிக்குத் தண்ணீர் பார்த்தான், டயருக்குக் காற்று பார்த்தான், வெள்ளைச் சட்டை ஒன்றைத் தானே தேய்த்து ஆணியில் மாட்டினான். டியூட்டிக்குப் போன காலத்தில் போட்ட மாதிரிச் சட்டை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். சின்னவளும் அந்தச் சட்டையைப் பார்த்தாள். வேன் ஏறும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

“மூணு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்கம்மா. அதுவரைக்கும் மாடியில, வாசலைப் பார்த்த கண்ணாடிகிட்ட நிப்பேன். உள்ள விட மாட்டாங்க, கேட்டுகிட்ட வந்து நின்னாப் போதும். அந்த வெள்ளைச் சட்டை தெரிஞ்சாப் போதும் எனக்கு.”

ஒன்றேகாலுக்குப் புறப்பட்டார்கள். துறைமுகத்துக்கு நாற்பது நிமிடம். ஒரு மணி நேரம் கையில் இருந்தது. தம்பி கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, பயணிகள் அறுபது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி நிமிர்ந்து ஓட்டினான். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தான். தண்ணீர்த் தொட்டி. பழைய மில். மூன்று ரோடு. பல நிறுத்தங்களில் இப்போது கூரைகூட இல்லை.

மகனுக்கு டெர்மினல் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேப்பில் அப்படி ஒரு ரோடே இல்லை என்றான். கடலைத் தூர்த்து அந்த இடத்தை உண்டாக்கியிருந்தார்கள். மேப்புக்கு இன்னும் சேதி போகவில்லை.

“டெர்மினல் இருக்கற இடத்தைக் கடல்னு காட்டுதுப்பா. கரெக்டா போய்ச் சேர்ந்தோம்னா நாம மூழ்கிட்டோம்னு அர்த்தம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். மூன்று மாதத்தில் அவன் சிரித்து மேட்ரன் பார்த்தது அன்றுதான். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். கேட்டருகே போய் நிற்பான், மகள் பார்ப்பாள், இவன் தலையை ஒரு தரம் ஆட்டுவான், அது போதும். இந்த வீட்டில் மன்னிப்பு என்பது எப்போதுமே ஒரு தலையசைப்புதான்.

இரண்டு மணிக்குச் சற்று முன்பு கண்டெய்னர் யார்டைத் தாண்டினார்கள். அங்கே இடப்பக்கம் புதிதாக ஒரு பாலம் ஏறியது. பாலத்தின் தொடக்கத்தில் பெரிய வழிகாட்டிப் பலகை இருந்தது. ஆனால் திறப்பு விழா முடியும்வரை கண்ணில் படக்கூடாது என்று அதை நீல பிளாஸ்டிக்கால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கீழே ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடுப்புச் சுவருக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

தம்பி வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அந்த ஆளுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

“என்னடா இது,” என்றாள் மேட்ரன், “ஏழாம் நம்பர் வழி கேக்குதா?”

கேலியாகத்தான் சொன்னாள். அதிலே பெருமையும் இருந்தது. துறைமுகத்துக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போவான் என்று அவனைப் பற்றி ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்தவள் அவள். பெயிண்ட் அடிக்கிறவன் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான். தம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

“துறைமுகம் எங்கயும் ஓடிப் போயிடாதுக்கா,” என்று சொல்லிவிட்டு நேராகப் போனான்.

நேராகப் போனால் பழைய கேட். அங்கே போய்ச் சேர்ந்தபோது கேட் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்குச் சுவர். சுவருக்கு அப்பால் தண்ணீர். தண்ணீருக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்காது என்கிற தூரத்தில், கண்ணாடியும் வெள்ளையுமாகப் புது டெர்மினல். அதன் பின்னால் ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்தது போலக் கப்பல். துறைமுகத்துக்குத்தான் வந்திருந்தார்கள். அதன் தவறான கரைக்கு வந்திருந்தார்கள்.

அங்கே ஒரு லாரியின் அடியில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். வேறு ஆளரவம் இல்லை. தம்பி இறங்கிப் போனான். அந்த வெள்ளைச் சட்டையோடு மண்ணில் முழங்கால் போட்டுக் குனிந்து லாரிக்காரனை எழுப்பினான்.

“தம்பி, புது டெர்மினலுக்கு எப்படிப் போகணும்?”

வண்டிக்குள் இருந்த மேட்ரனுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவன் வாயில் அவள் கேட்டறியாத வாக்கியம் அது.

லாரிக்காரன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். “வந்த வழியே திரும்பிப் போங்க. யார்டுகிட்ட பாலம் வரும். அங்க ஒருத்தன் பெயிண்ட் அடிச்சிட்டிருப்பான், அவனைக் கேளுங்க.”

திரும்பி வரும்போது மேட்ரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாடி பிடித்துப் பார்த்த காலத்துப் பழக்கம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவன் ஓட்டிய காலத்தில் அந்த நேரத்துக்கு அது மூடாது. ஒரு சரக்கு ரயில் போனது. அது போய் முடிந்த பிறகும் கேட்டைத் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்தது. கேட் திறந்தபோது முன்னால் முப்பது லாரி நின்றது. பாலத்தில் ஏறினால் பாதியிலே பாதையை அடைத்துத் தார் டின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மகன் இறங்கி அவற்றை உருட்டி வழி செய்தான். பின்சீட்டில் அவன் அம்மா துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சின்னவள் மறந்து வைத்துவிட்டுப் போன கம்பளிச் சட்டை அதில் இருந்தது.

டெர்மினல் வாசலில் வண்டி நின்றபோது மணி மூன்று பத்தொன்பது.

செக்யூரிட்டிக்காரன் சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. அந்த வேலைக்கு அவனும் புதுசு, அந்தக் கட்டடம் மாதிரியே. தம்பி அவன் எதிரில் போய் நேராக நின்றான். என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவிதான் கேட்டாள். மாடியில் ஒரு பெண் நின்றதா என்று.

“நின்னுச்சும்மா. ரெண்டு மணியிலேருந்தே நின்னுச்சு. கதவைச் சாத்தின பிறகும் பத்து நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் ஒரு மேடம் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.” சற்று யோசித்துவிட்டு அவனே சொன்னான். “இந்தப் பக்கம் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எட்டி எட்டிப் பார்த்துச்சு.”

கம்பளிச் சட்டையை வாங்கிக்கொள்ள அவனுக்கு அதிகாரம் இல்லை. போன் போட்டுப் பார்த்தார்கள். முதல் பத்து நாள் பயிற்சி முடியும்வரை போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இருந்தாலும் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தரைக்குக் கப்பல் நகர்ந்தது. அதுவரை தம்பி வெயிலில் நின்றான். கழுத்துப் பட்டனை அவிழ்க்கவில்லை. மாடிக் கண்ணாடியில் ஆகாயம் தெரிந்தது, அதன் அடியில் அவர்கள் நான்கு பேரும் தெரிந்தார்கள். வேறு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தை விட்டு இறங்கியதும், அவன் பேசினான்.

“வழி தப்பிடுச்சுன்னு அவகிட்ட யாரும் சொல்லக் கூடாது.”

“பின்ன என்னன்னு சொல்றது?” என்றாள் மனைவி.

“வரலைன்னு சொல்லு.”

“வந்து நின்னதை எப்படிங்க வரலைன்னு சொல்றது?”

அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். அவள் முன்சீட்டைப் பார்த்தாள். “அண்ணி, நீங்களாவது சொல்லுங்க.”

மேட்ரன் சொல்லியிருக்கலாம். கோபத்தால் வராத அப்பனை ஒரு மகள் என்றைக்காவது மன்னிப்பாள். முப்பத்து நான்கு வருடம் ஓட்டிய ரோட்டில் வழி தெரியாமல் நின்ற அப்பனைப் பார்த்துச் சிரித்துவிடுவாள் என்று அவன் பயப்படுகிறான். அது மேட்ரனுக்குப் புரிந்தது. மகள் சிரிக்க மாட்டாள் என்பதும் புரிந்தது. ஆனால் வழி கேட்க இறக்கிய வண்டிக் கண்ணாடி ஏன் ஏறியது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வெளியே வரும். இந்த வீட்டில் யாரும் தன்னை நோக்கி ஒரு விரலை நீட்டியதில்லை.

“அவன் சொல்றபடியே சொல்லும்மா,” என்றாள். “வண்டிக்குள்ள நடந்தது வண்டியோட போகட்டும்.”

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்து நாள் கழித்துச் சின்னவள் போன் செய்தாள். அப்பா வரவில்லை என்று அம்மா சொன்னாள். “சரிம்மா. சட்டையைத் தேய்ச்சு மாட்டியிருந்தாரே, ஒருவேளை வருவாரோன்னு நினைச்சுட்டேன்” என்றாள். அதன் பிறகு அப்பாவைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. அவள் போன் வரும்போதெல்லாம் தம்பி அந்த அறையில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொள்வான். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பான். அது பேட்டரிக் கடிகாரம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஒன்பது மாதம் முடிந்தபோது அவன் வண்டியைக் கழுவி நிறுத்தினான். அவள் வேறொரு துறைமுகத்திலேயே அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பதினான்காவது மாதம் தம்பி போய்விட்டான். மத்தியானம், நாற்காலியில், செய்தித்தாள் மடியில் இருக்கும்போதே. மேட்ரன் நாடியைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் மூன்று தரம் பார்த்தாள்.

வண்டியை விற்பதற்கு முன் மகன் அதைச் சுத்தம் செய்தபோது முன்பக்கப் பெட்டியில் ஒரு தாள் கிடைத்தது. பஸ் டிப்போவில் எழுதுகிற மாதிரி கட்டம் போட்டு, அப்பா கையெழுத்தில். வீடு. தண்ணீர்த் தொட்டி, ஒன்பது நிமிடம். பழைய மில், பதினாறு. யார்டு, முப்பத்தொன்று. பாலம், முப்பத்து மூன்று. டெர்மினல், நாற்பத்தெட்டு. பாலத்தை அடைத்திருந்தால் சுற்றிப் போக ஒரு வழியும் எழுதியிருந்தது. ஓரத்தில் தேதிகள். கப்பல் போன நாளுக்குப் பிறகு ஏறக்குறைய எல்லா வாரமும் ஒரு தேதி. மகன் அதை அம்மாவிடம் காட்டவில்லை. அத்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

சின்னவளுக்குக் கப்பல் கரை தொட்டு, விமானம் கிடைத்து, வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். அழவில்லை. அந்த ஆணியில் இன்னும் ஒரு வெள்ளைச் சட்டை மாட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வந்திருந்தவர்களில் ஒருவர் பத்திரம் எழுதுகிறவர், தூரத்துப் பங்காளி. அடுத்தவர் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே சொல்கிற குரல் அவருக்கு.

“பாவம், அவ என்ன செய்வா. கப்பல் ஏறின அன்னிக்கு வழியனுப்பக்கூடப் போகாம, கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருந்த மனுஷன். கல்லு நெஞ்சு.”

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா வாயைத் திறந்தாள். திறந்தவள் நாத்தனாரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மேட்ரன் எழுந்தாள். எழுபத்து மூன்று வயதிலும் அவள் எழுந்தால் கூடம் அடங்கும். சின்னவளின் எதிரே போய் நின்று, மடித்த தாளை அவள் மடியில் வைத்தாள். பேசும்போது பத்திரக்காரரைப் பார்க்கவில்லை.

“வீட்டுல உக்காரல. வந்தான். மூணு பத்தொன்பதுக்கு வந்தான், அஞ்சரை வரைக்கும் நின்னான். வழி தெரியல. பாலத்துகிட்ட ஒருத்தனைக் கேக்கறதுக்குக் கண்ணாடியை இறக்கினான். கேக்க விடாதது நான்.”