பீரோவுக்குப் பின்னால்

அண்ணனின் வலது கையை எடுத்து நெஞ்சின் மேல் வைக்கப் போனான் சின்னவன். அண்ணி அந்தக் கையை வெடுக்கென்று வாங்கிப் போர்வைக்குள் செருகிவிட்டாள்.

"அது அப்படியே இருக்கட்டும் தம்பி."

செருகுவதற்குள் பார்த்துவிட்டான். ஆள்காட்டி விரல் நுனியில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. இருபது வருடமாக ஒயரோடு குப்பை கொட்டுகிறவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேற்று சாயங்காலம் போனில் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். மாரடைப்பு வந்தால் விரல் ஏன் கருகுகிறது?

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். ஆனால் கட்டிலுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், நகர்த்தவே முடியாத பீரோவுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் போட வேண்டுமென்றால் எல்லோரும் பெரியவனைத்தான் தேடுவார்கள். சாமான்களை இறக்கச் சொல்லமாட்டான். ஒரு சாண் இடைவெளி போதும். தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைச் சுவரோடு அப்பிக்கொண்டு, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தடவித் தடவி ஸ்க்ரூவை முறுக்கிவிடுவான். கையா துதிக்கையா என்று வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு கெட்டிக்காரன் ஒரு விஷயத்தில் மட்டும் சுத்தப் பயந்தாங்கொள்ளி. மெயின் பெட்டியிலிருந்து பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் எந்தச் சுவரிலும் கை வைக்கமாட்டான். அது அவன் பையில் இருக்கும்வரை எமனே வந்தாலும் அந்த வீட்டுக்குக் கரண்ட் கொடுக்க முடியாது.

கூடத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு மயானத்துக்கு வண்டி வரும். சின்னவன் எழுந்து அண்ணனின் அறைக்குள் போனான்.

இரும்பு பீரோ சுவரை ஒட்டி நின்றது. தரையில் புதிதாக இரண்டு கீறல்கள். யாரோ இழுத்து, பிறகு தள்ளியிருக்கிறார்கள். போன் வெளிச்சத்தை இடுக்கில் அடித்துப் பார்த்தான். சுவரில் பதித்த பெட்டி மட்டும் இருந்தது, பிளக் பாயிண்ட் இல்லை. உரித்த ஒயர்கள் செம்பைக் காட்டிக்கொண்டு தொங்கின. வேலையைப் பாதியில் இப்படிப் போட்டுவிட்டுப் போகிற ஆளா அவன்?

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டையைத் துழாவினான். டெஸ்டர் இருந்தது, டேப் இருந்தது. ஃபியூஸைத் தேடிய பிறகுதான் நினைவு வந்தது, இந்த வீட்டில் ஃபியூஸே கிடையாது. போன மாதம் சின்னவனே வந்து பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் கோளாறு என்றால் தானாகக் கீழே விழுந்துகொள்ளும் புது ட்ரிப் ஸ்விட்ச் மாட்டியிருந்தான். அதைப் பிடுங்கிப் பையில் போட முடியாது. இறக்கலாம், ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

பெரியவன் இறக்கிவிட்டுத்தான் படுத்திருப்பான். அப்படியானால் ஏற்றியது யார்?

சந்தேகம் என்பது ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். பத்து நாளைக்கு முன்னால் அண்ணன் போனில் புலம்பியது நினைவுக்கு வந்தது. அம்மாவை இனிமேல் என்னால் பார்த்துக்கொள்ள முடியாது, தனியாகப் போய்விடலாம் என்று அண்ணி ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். நேற்று மத்தியானம் வீட்டில் இருந்தது அம்மாவும் அண்ணியும்தான். அம்மா சாப்பிட்டால் கூடத்தில் படுத்துத் தூங்கிவிடுவாள். மிச்சம் யார்?

அடுக்களையில் அண்ணி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மெயினை யாரு போட்டது அண்ணி?"

அவள் திரும்பவில்லை. "நெஞ்சுவலின்னு சொன்னேன்ல."

"விரலைப் பார்த்துட்டேன். பீரோவுக்குப் பின்னாலயும் பார்த்துட்டேன்."

குழாயை மூடினாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் எடுத்துத் துடைத்தாள்.

"பார்த்துட்டியா. சரி. எல்லாம் முடியட்டும், அப்புறம் என்னை என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ. அம்மா முன்னாடி மட்டும் ஒரு வார்த்தை கேட்காதே."

இதைவிட வேறென்ன ஒப்புதல் வேண்டும்? கூசாமல் சொல்கிறாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி வந்துவிட்டால் விரலும் போய்விடும், சாட்சியும் போய்விடும். கேட்க நாதியில்லாதவனாகவா போகவேண்டும் அவன் அண்ணன்? போலீஸ் ஸ்டேஷன் நம்பரைத் தேடிக்கொண்டே வாசலுக்கு நடந்தவனை அம்மா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கான், எனக்குத் தெரியவே இல்லைடா. கடைக்குப் போயிருக்கான்னுல்ல நினைச்சேன். தூங்கி எழுந்தா ஃபேன் நின்னுபோய் வேர்த்துக் கொட்டுது. யாரையும் எழுப்ப வேண்டாம், கீழ விழுந்திருந்தா மேல தூக்கிவிட்டா போதும்னு நீ சொல்லிக் குடுத்தியே, அதான் நானே போய்த் தூக்கிவிட்டேன். ஃபேன் ஓடிச்சு. வந்து இப்படி உட்காரலை, உள்ள இவ கத்துறா, நெஞ்சைப் பிடிச்சுட்டார்னு."

சின்னவன் அம்மாவின் கையைப் பார்த்தான். அவன்தான் அந்த விரலைப் பிடித்து ஸ்விட்சின் மேல் வைத்து, இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பழக்கியிருந்தான். அன்றைக்கு அம்மா பயந்தாள். இனிமேல் யார் தயவும் வேண்டாம் உனக்கு என்று பெருமையாகச் சொன்னது வேறு யாருமில்லை.

"கொஞ்சம் முன்னாடி முழிச்சிருந்தா பக்கத்துல இருந்திருப்பேன். நெஞ்சையாவது நீவி விட்டிருப்பேன்" என்றாள் அம்மா.

அடுக்களை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். துடைத்த டம்ளர் இன்னும் கையில் இருந்தது. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. யாருக்காக என்றும் புரிந்தது. அவளைப் பற்றி நினைத்ததையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. கையிலிருந்த போனை அணைத்துப் பையில் போட்டான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மாமா உள்ளே வந்தார். தூரத்திலிருந்து வந்த களைப்பு. போர்வையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"கல்லு மாதிரி இருந்தானேடா. எப்படிடா?"

அம்மாவும் நிமிர்ந்து சின்னவனைத்தான் பார்த்தாள்.

"மாரடைப்பு மாமா," என்றான். அம்மாவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னான். "மாரடைப்பு. படுத்திருந்தவன் அப்படியே."

"வலியே தெரிஞ்சிருக்காதாம். டாக்டர் சொன்னாரு," என்றாள் அண்ணி.

அவள் வந்து அண்ணனின் தலைமாட்டில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு சின்னவனைப் பார்த்தபடி கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.