ஒரு வரிக்கு ஒரு மிக்ஸி

2002 பொங்கல் முடிந்த வாரம், பெங்களூரின் பீன்யாவில் இருந்த அந்த மிக்ஸி கம்பெனிக்கு எரிந்துபோன மோட்டார்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. மோட்டார் எரிந்தால் எல்லோருடைய விரலும் நேராக வைண்டிங் பிரிவைத்தான் காட்டும். செப்புக் கம்பி சுற்றும் அந்தப் பிரிவில் எல்லோரும் பெண்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் ரத்தினம்மாள். மார்ச்சோடு பிரிவை மூடிவிட்டு வேலையை வெளியே கான்ட்ராக்டில் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகம் யோசிப்பதாகக் கேன்டீன் முழுக்கப் பேச்சு.

அதே வாரத்தில்தான் விற்பனைப் பிரிவின் தனலக்ஷ்மியையும் சர்வீஸ் பிரிவின் ரெமிஜியஸையும் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். 'டேட்டா வேர்ஹவுஸ்' என்று நோட்டீஸ் பலகையில் போட்டிருந்தது.

தனலக்ஷ்மி அல்சூர்க்காரி. பத்து வருடங்களுக்கு மேலாகப் பில் போடும் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தவள். ரெமிஜியஸ் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். சுரங்கத்தை மூடியபின் குடும்பத்தோடு கே.ஆர்.புரத்துக்கு வந்துவிட்டார். விற்பனைக்கும் சர்வீஸுக்கும் எப்போதும் ஆகாது என்பதால் இருவரும் படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

"வேர்ஹவுஸ்னா கொடவுன்தானே? மறுபடியும் ஒரு கொடவுன் எதுக்கு?" என்று வகுப்பறை வாசலில் அவர் கேட்டபோது தனலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

பாடம் எடுக்க வந்தவள் யாமினி. சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த சின்னப் பெண். பலகையில் எதுவும் எழுதாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், போன வருஷம் எவ்ளோ மிக்ஸி வித்துது?"

தனலக்ஷ்மி சொன்னாள். ரெமிஜியஸ் தலையை ஆட்டினார். "அவ்ளோ இல்லம்மா. எங்க கணக்குல கம்மி."

"நாங்க பில் போட்டா வித்த மாதிரிதான் சார்."

"பில் போட்டா லாரி ஏறுது, அவ்ளோதான். ஜனங்க வீட்டுக்குப் போனாத்தானே வித்த மாதிரி?"

இருவர் குரலும் ஏறியது. யாமினி குறுக்கே வரவில்லை. சண்டை தானாக அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, "இதுதான் முதல் பாடம்," என்றாள். "ரெண்டு பேரும் 'விற்பனை'ன்னு ஒரே வார்த்தையச் சொல்றீங்க, அர்த்தம் வேற. அத முடிவு பண்ணாம மெஷின் வாங்கி ஒண்ணும் ஆகாது."

அதன்பின் பாடம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. பில் போடும் கம்ப்யூட்டர் இன்றைய வேலைக்கானது. பழசை ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் வேலை இல்லை. ஹாசனில் இருந்த டீலர் மைசூருக்கு மாறினால் அது விலாசத்தை மாற்றி எழுதிவிடும். மறுநாளிலிருந்து அவருடைய பழைய விற்பனைகூட மைசூரில் நடந்ததாகத்தான் காட்டும். இந்த டேட்டா கிடங்கு அப்படிச் செய்யாது. அன்று எது உண்மையோ அதை அப்படியே வைத்துக்கொள்ளும். விற்பனை, சர்வீஸ், தொழிற்சாலை என்று தனித்தனியாகக் கிடக்கும் விவரங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, கேள்வி கேட்பதற்காகவே அடுக்கி வைப்பதுதான் அது.

"ஒரு வரியில எத வைக்கப் போறீங்க?" என்று மூன்றாவது வகுப்பில் கேட்டாள் யாமினி.

விற்பனையில் ஒரு வரி என்பது ஒரு பில். அதில் நாற்பது மிக்ஸிகூட இருக்கும். சர்வீஸில் ஒரு வரி என்பது ஒரு புகார். வெகு நேரம் பேசிய பின் ரெமிஜியஸ்தான் சொன்னார்: "ஒரு வரிக்கு ஒரு மிக்ஸி. அது எப்போ பொறந்துச்சு, எங்க போச்சு, யார் எப்போ வாங்கினாங்க, திரும்பி வந்துச்சா. அவ்ளோதான்."

யாமினி பயிற்சிக்கு ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். எந்த மிக்ஸி எரிகிறது என்பதையே எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி சுலபம். வேலைதான் இடுப்பை ஒடித்தது. தொழிற்சாலையில் மிக்ஸியின் நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். சர்வீஸ் சென்டர்களில் அந்த எழுத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். ஒரே டீலரின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். அவள் கொண்டுவரும் புளிச்சாதத்தில் பாதி அவர் டப்பாவுக்குப் போகத் தொடங்கியிருந்தது.

பிப்ரவரி நடுவில் விவரங்கள் ஒன்று சேர்ந்தன. வைண்டிங் மேசை வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது மேசையில் மட்டும் கொஞ்சம் கூடுதல். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. மாதம், மாடல் என்று மாற்றி மாற்றிப் பார்த்தும் ஒன்றும் துலங்கவில்லை. கம்பெனியின் எந்த ஊர் டெப்போ கொடவுன் வழியாகப் போனது என்று பிரித்தபோது மங்களூர் தனியாக எழுந்து நின்றது. கிளம்பிய தேதிக்கும் வீட்டுக்கார அம்மா வாங்கிய தேதிக்கும் இடையில் எவ்வளவு காலம் என்று அடுத்துப் பார்த்தார்கள். எரிந்தவற்றில் பெரும்பாலானவை மார்ச்சில் கிளம்பி, தீபாவளிக்கு விற்றவை.

"மழைக்காலம் பூரா கொடவுன்லயே கெடந்திருக்கு," என்றார் ரெமிஜியஸ். "கடல் காத்து, ஈரம். சுத்துன கம்பிக்குள்ள ஈரம் ஏறினா ஓட்டுன கொஞ்ச நாள்ல எரிஞ்சிடும்."

தனலக்ஷ்மி அந்தத் தேதிகளை மறுபடி பார்த்தாள். மார்ச் மாதம் ஏன் அவ்வளவு மிக்ஸி மங்களூருக்குப் போனது என்பது அவளுக்குத் தெரியும். வருட முடிவில் இலக்கை எட்ட வேண்டும். டெப்போவுக்குப் பில் போட்டால் விற்றதாகக் கணக்கு. அனுப்பச் சொல்பவர் அவளுடைய மேனேஜர் அசோகன். பில் போடுவது அவள்.

"திங்கக்கிழமை ஜெனரல் மேனேஜர் மீட்டிங்ல இத அப்படியே போட்டுடலாம்," என்றார் ரெமிஜியஸ்.

"மொதல்ல அவர்கிட்ட சொல்லணும் சார். மீட்டிங்ல வச்சு அவருக்குத் தெரியக் கூடாது."

மறுநாள் காலை அசோகனின் அறைக்குள் காகிதத்தோடு போனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் மிகவும் தணிந்த குரலில் கேட்டதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"தனலக்ஷ்மி, இந்த டெப்போ பேரும் வாங்கின தேதியும் இல்லாம ரிப்போர்ட் வராதா?"

"வரும் சார்."

"அப்புறம் இன்னா?"

"அப்போ தப்பு வைண்டிங்லன்னுதான் தெரியும் சார். அது நிஜம் இல்லன்னு நமக்குத் தெரியும். அந்தப் பொம்பளைங்களுக்கு மார்ச்சுக்கு அப்புறம் வேலை இல்ல."

அசோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "சரி, போ," என்றார். எதற்குச் சரி என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே நினைப்புதான். வேலையை விட்டால் வேறு எங்கே கேட்பது என்றுகூட யோசித்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஜெனரல் மேனேஜரின் முன்னால் ரெமிஜியஸ் திரையைக் காட்டிக்கொண்டு போனார். மங்களூர் வந்ததும் ஜெனரல் மேனேஜர் நிமிர்ந்தார். "ஏழெட்டு மாசம் டெப்போல ஏன் கெடந்துச்சு?"

தனலக்ஷ்மி எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அசோகன் பேசினார்.

"நான்தான் அனுப்பினேன் சார். டார்கெட்டுக்காக. மூணு வருஷமா அப்படித்தான் பண்றேன். மத்த டெப்போலயும் நடக்குது, அங்க ஈரம் இல்லாததால தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "பில் போட்டதையே விற்பனைன்னு சொல்லிட்டு இருந்தோம். அத மொதல்ல மாத்தணும்," என்றார்.

ஜெனரல் மேனேஜர் கடுமையாகச் சில வார்த்தைகள் சொன்னார். அசோகன் அவற்றைக் கேட்டுக்கொண்டார். முடிவில் வைண்டிங் பிரிவை மூடும் பேச்சு நின்றது. டீலர் வாங்குவதற்கு முன் எதையும் விற்பனை என்று எழுதக் கூடாது என்று விதி வந்தது. அந்த மார்ச்சில் இலக்கு எட்டவில்லை. அசோகனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. அவர் தனலக்ஷ்மியிடம் முன்போலவே பேசினார். முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.

மீட்டிங் முடிந்த அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ரத்தினம்மாள் தனலக்ஷ்மியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செய்தி அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அப்போ எங்க மேல தப்பே இல்லையா தனம்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த முகம் எப்படி மலரும் என்று தனலக்ஷ்மிக்குத் தெரிந்தது. ஆனாலும், "கொஞ்சம் இருக்குக்கா," என்றாள். "மூணாவது மேஜைல மட்டும் மத்ததவிட ஜாஸ்தி எரியுது."

ரத்தினம்மாள் யோசித்தாள். பஸ் யஷ்வந்த்பூர் சிக்னலில் நின்று கிளம்பியது.

"அந்த மேஜைல கம்பி இழுக்கற ஸ்பிரிங் லூஸா இருக்குதோ என்னமோ," என்றாள். "நாளைக்குக் காலைல பாக்கறேன்."

பிறகு சீட்டில் சாய்ந்து, தனலக்ஷ்மி இறங்கும் அல்சூர் வரும்வரை கண்ணை மூடியிருந்தாள்.