அளவுக்கு நின்ற ஆள்

தலெந்தா, பாஸ்பேட் சுரங்கக் கம்பெனியின் நிலவியல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். பழைய சுரங்கங்களை மூடியபோது மற்றவர்களெல்லாம் கஃப்ஸா நகரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் கண்ணாடி நெகட்டிவ்களும் அவளும்தான் மிச்சம். பாறைச் சரிவு, சுரங்க வாய், பாஸ்பேட் படுகை என்று பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக் குவித்த படங்கள். பதினோரு வருடமாக அவற்றைத் துடைத்து, எண் போட்டு, உறையிலிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் மார்ச்சில் நகராட்சிப் பொறியாளர் லஸ்ஹர் அவளைத் தேடி வந்தார்.

"பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்கு எடுத்த இடத்துக்கு அடியில பழைய சுரங்கம் ஒண்ணு ஓடுதாம். வரைபடம் உலகச் சண்டையில எரிஞ்சு போச்சு. எங்க ஓடுதுன்னு துளை போட்டுக் காட்டினா ஒதுக்கிக் கட்டிக்கலாம். இல்லேன்னா பள்ளிக்கூடம் வேற ஊருக்குப் போயிடும். துளை எந்திரம் வர்ற வியாழக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கும்."

பள்ளிக்கூடம் வேறு ஊருக்குப் போனால் இந்த ஊர்ப் பெண்கள் ஆறாம் வகுப்போடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். தலெந்தாவே அப்படி உட்கார்ந்து, பிறகு தபாலில் படித்துத் தட்டச்சு பழகியவள். மறுநாள் சாயங்காலத்துக்குள் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எடுத்த வருடம் 1934. இடப்பக்கம் ஒட்டகப் பாறை, வலப்பக்கம் சுரங்க வாய். பாறையின் தலை மட்டும் இன்னும் வெளியே தெரிகிறது; மற்றதெல்லாம் கழிவு மண்ணுக்குள். சுரங்க வாய்க்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு தொழிலாளி விறைத்து நின்றான். படத்தின் கீழே ஒவ்வொரு பாறை அடுக்கின் பெயரும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: அளவுக்கு, ஒரு ஆள். பாறை எவ்வளவு பெரியது என்று காட்ட அவனைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

லஸ்ஹர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பாறையிலிருந்து சுரங்க வாய் வரை இருபத்தோரு ஆள் நீளம்.

"ஆளுக்கு ஒரு மீட்டர் எழுவதுன்னு வச்சுக்குவோம்."

"நீங்க வச்சுக்குவீங்க, ஐயா. அந்தக் காலத்துல அரைவயித்துக்குச் சாப்பிட்டவங்க அவ்வளவு வளந்திருப்பாங்களா? ஒரு சாண் குறைஞ்சாலும் நாலு மீட்டர் தள்ளிப் போயிடும். சுரங்கத்தோட அகலமே ரெண்டு மீட்டர்தான்."

படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து ரயிலடி டீக்கடைக்குக் கொண்டுபோனாள். ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் பெல்காசிம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இது திரிப்போலிக்காரன் கூமா. நான் சின்னப் பையனா சுரங்கத்துக்குத் தண்ணி சுமந்தப்ப பாத்திருக்கேன். வாயை மூடவே மாட்டான். படத்துல பாரு, யாரோ அடக்கிவச்ச மாதிரி நிக்கிறான். மக திப்ரா சந்தை ரோட்டுல ரொட்டி சுடுறாளே, தெரியாதா?"

தலெந்தாவும் லஸ்ஹரும் திப்ரா வீட்டுக்குப் போனார்கள். அவளுக்கு அறுபது வயது. அப்பா மேல் சுரங்கக் கூரை சரிந்தபோது அவளுக்கு நாலு. முகம் நினைவில்லை, படமும் கிடையாது. அடுப்பிலிருந்து கையை எடுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரமாகப் பிடித்து வாங்கினாள். அடியிலிருந்த எழுத்தின் மேல் விரல் வைத்தாள்.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

தலெந்தா படித்துக் காட்டினாள்.

"கல்லுக்கெல்லாம் பேர் இருக்கா?"

"இருக்கு, பெரியம்மா."

"எங்கப்பனுக்கு?"

"இல்ல."

திப்ரா சட்டென்று எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். சமாதானம் சொல்லப் பின்னாலேயே போன லஸ்ஹர், நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு அப்படியே குந்தினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எல்லாரும் இடிச்சுக்குவாங்க. எங்கப்பன் கட்டின வாசல் அது. 'பொழுதன்னிக்கும் குனிஞ்சே வெட்டுறேன், என் வீட்டுக்குள்ளயாவது நிமிந்து போறேன்'னு தன் உயரத்துக்கு வச்சாராம். தொப்பிக்கு மேல ரெண்டு விரல் இடம் விட்டு. எங்கம்மா அவரைவிட உசரம். ஆயுசு பூரா குனிஞ்சே நுழைஞ்சா, வஞ்சுக்கிட்டே."

லஸ்ஹர் நெற்றியைத் தடவுவதை நிறுத்தினார். தலெந்தா அவரைப் பார்த்தாள்.

"பெரியம்மா, வாசப்படி மாத்தினதா?"

"ஏன் மாத்தணும்? அவர் போட்ட கல்லுதான்."

வாசலில் பிடித்த அளவு நாடா ஒரு மீட்டர் அறுபது காட்டியது. இரண்டு விரலைக் கழித்தால் ஒன்று ஐம்பத்தேழு, தொப்பியோடு. படத்திலும் தொப்பியோடுதான் நிற்கிறார். லஸ்ஹர் உள்ளங்கையில் கணக்குப் போட்டார். முப்பத்து மூன்று மீட்டர். அவர் முதலில் சொன்ன கணக்குப்படி போயிருந்தால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தள்ளித் துளை போட்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை காலையில் காற்று புழுதியை வாரி அடித்தது. துளை எந்திரக்காரன் ஏழு மீட்டர் வரை வெறும் கழிவு மண்ணையே வெளியே தள்ளினான். பிறகு கல். பத்து மீட்டரானதும் லஸ்ஹர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். திப்ரா ஒரு கூடை ரொட்டியோடு வந்து, தலைத்துணியை இறுக்கிக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பதினோராவது மீட்டரில் கம்பி திடீரென்று பிடிப்பில்லாமல் கீழே இறங்கியது. எந்திரக்காரன் கம்பியை மேலே இழுத்தான். தலெந்தா மண்டியிட்டுத் துளையின் மேல் கை வைத்தாள். குளிர்ந்த காற்று விரல்களுக்கிடையே ஏறியது.

"காலியா இருக்கு" என்றாள். லஸ்ஹர் புழுதியென்றும் பாராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். திப்ரா அவருக்கு ஒரு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தை ரயில் பாதைப் பக்கமாகப் பன்னிரண்டு மீட்டர் நகர்த்தி வரைந்தார்கள். ஜூனில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பே, துளை போட்டதற்கு அடுத்த திங்கட்கிழமை, திப்ரா அலுவலகத்துக்கு வந்தாள்.

"எழுதிக்கோ. கூமா பின் ஸாலிம், திரிப்போலிச் சீமையில நாலூத் ஊர்க்காரர், சுரங்கம் வெட்டுறவர். அளவுக்குன்னு இருக்கிறதை அடிக்காத, அது கிடக்கட்டும். அவர் அளவாலதானே கிடைச்சுது?"

தலெந்தா எழுதினாள். திப்ரா புறப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்படி அளவுக்கு நிக்கிறவங்க இன்னும் எத்தனை பேர்?"

"முன்னூறுக்கு மேல இருப்பாங்க, பெரியம்மா."

"எடு, பாப்போம்."

தலெந்தா முதல் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். திப்ரா கழுத்தை நீட்டி, நெற்றியைச் சுருக்கினாள்.

"இவனைத் தெரியல. ஆனா இந்தக் காது இருக்கு பாரு, இது மசூதிக்குப் பின்னால இருக்கிற தையக்காரன் வீட்டுக் காது. இரு, அவனைக் கூட்டிட்டு வர்றேன்."