ஐந்தருவிச் செலவு

கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பெட்டி மறுபடியும் வந்து நின்றது. அதில் இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினாலும் கணக்கு சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது.

“ஏட்டி லெச்சுமி, அப்டேட்டு அப்டேட்டுன்னு சுத்திக்கிட்டு கெடந்துச்சே, அதுலதான் இது போச்சு” என்றார் தில்லைநாயகம்.

இராமலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அவர் முகம் தெரியும். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். பால், பூ, கேஸ், கோயில் அர்ச்சனை என்று வீட்டுச் செலவை இதில் ஏற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மகள் வித்யா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய சாஃப்ட்வேர். அதற்குத் தமிழ் வராது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் முகம்மது மீரான் வந்து பார்த்தார். அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்றார். சி.டி.யைத் தேடி எடுத்தால் அதைச் செருக இந்தக் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. கடையிலிருந்து ஒரு டிரைவ் கொண்டுவந்து மாட்டினார். ஏறியது. ஏறிய கையோடு இன்டர்நெட்டில் அனுமதி கேட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

“இது யார்ட்ட கேக்குது மீரான்?”

“கம்பெனிக்காரன்ட்டதான். அவன் கடையச் சாத்திட்டுப் போய் எவ்வளவோ காலமாச்சு அண்ணாச்சி. செத்தவன் நம்பருக்கு ரிங்கு போய்க்கிட்டு இருக்கு.”

“சாத்துறவன் சொல்லிட்டுச் சாத்த மாட்டானா?”

“யார்தான் சொல்லிட்டுச் சாகுதாங்க?” என்று மீரான் டிரைவைக் கழற்றினார்.

அன்று தில்லைநாயகம் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இராமலட்சுமிதான் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். வித்யாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

“அதத் தூக்கிப் போடுங்கப்பா. நான் வச்சிருக்கது ஃபேமிலி பிளான், உங்களையும் சேத்துருதேன். நீங்க அடிச்சாப் போதும். எந்தச் செலவு எந்தத் தலைப்புன்னு அதுவே பிரிச்சுக்கிடும். எனக்கும் இங்கன தெரியும்.”

“அதுவே பிரிச்சுக்கிடுமா? அப்ப நான் என்னத்துக்கு?”

“தமிழ்லகூட அடிக்கலாம்பா.”

தமிழில் அடிக்க அவர் விரல்கள் இணங்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவை ஆங்கிலத்திலேயே போயின. புது சாஃப்ட்வேரில் வரிசையும் கூட்டலும் கண்ணில் படவில்லை. கேக் வெட்டிய மாதிரி ஒரு வட்டம்தான் தெரிந்தது. அதில் சிவப்பாக ஒரு துண்டு நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது.

“மெடிக்கல்னு போட்டிருக்கு. நமக்கு மாத்திரை அவ்வளவா ஆகுது?” என்று அவர் கேட்டார்.

“நீங்க எதையாவது தப்பா அமுக்கியிருப்பிய” என்றாள் இராமலட்சுமி.

உள்ளே போய்ப் பார்க்க வழி தெரியாமல் அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

பொங்கலுக்கு வந்தபோது வித்யா இருவரிடமும் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். வடகரையில் அவளுடைய அத்தை குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட சமயம் அது. ‘உங்க ரெண்டு பேர்ல யார் ஒரு தடவ விழுந்தாலும் சரி, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும். மறுபேச்சு பேசக் கூடாது’ என்றாள். இருவரும் சரி என்றார்கள். சொல்லிவிட்டார்களே தவிர, இராமலட்சுமிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பெங்களூர் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாதிரி மெல்லிய குரலில் பேசிக்கொண்டே நாளைக் கழித்தார்கள். தென்காசியில்தான் அவர் அவளை ‘ஏட்டி’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

ஆனி பிறந்ததுமே சாரல் விழ ஆரம்பித்திருந்தது. கூட்டம் இல்லாத நாட்களாகப் பார்த்து இருவரும் ஆட்டோவில் குற்றாலம் போய்வந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. பேரன் எடுத்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகக் குளிக்கப் போகிறார்கள் என்றால் தெரு சிரிக்காதா என்று அவளுக்குக் கூச்சம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அவர் ஆண்கள் பக்கமும் அவள் பெண்கள் பக்கமுமாகப் பிரிவார்கள். அவர்தான் முதலில் கரையேறுவார். பிறகு கையில் துண்டும் சூடான மிளகாய் பஜ்ஜியுமாகக் காத்து நிற்பார். நடுங்கிக்கொண்டு வரும் அவளைப் பார்த்து, “நனஞ்ச கோழி வருது” என்பார். அந்தக் கேலிக்காகவே அவள் கொஞ்சம் கூடுதலாக நடுங்குவாள்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு காலை, வாசலில் வித்யா நின்றாள். பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். பையைப் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குனிந்து முழங்காலை அமுக்கினாள்.

“எங்கம்மா அடிபட்டிருக்கு?”

“யாருக்கு அடி?”

“மறைக்காதிய. எல்லாம் வந்துருக்கு” என்று போனை எடுத்து வாசித்தாள். “மெடிக்கல். மெயின் ஃபால்ஸ், ஆயில். ஓல்டு ஃபால்ஸ், ஆயில், மசாஜ். பழைய அடி வேற இருக்குல்லா? ஃபைவ் ஃபால்ஸ், போத். ரெண்டு பேருமா அஞ்சு தடவ விழுந்திருக்கிய! எப்பிடிப்பா ஒரு வார்த்தை சொல்லாம இருந்திய?”

தில்லைநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏ கோட்டி! அது ஐந்தருவிட்டீ! ஓல்டு ஃபால்ஸுன்னா பழைய குற்றாலம். தென்காசியில பொறந்துட்டு உனக்குத் தெரியாதா?”

வித்யா ஒரு கணம் விழித்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இராமலட்சுமிக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“இந்த வயசுல ஜோடியா அருவிக்குப் போறியளாக்கும்!”

“வாய மூடுட்டீ.”

அவர் கம்ப்யூட்டரில் அதை மாற்றப் பார்த்தார். வித்யா சொல்லச் சொல்ல ஐந்தருவியைப் பிடித்திழுத்துச் சுற்றுலாத் தலைப்பில் போட்டார். அது இரண்டு விநாடி அங்கே இருந்துவிட்டு மெடிக்கலுக்கே திரும்பியது. மறுபடி இழுத்தார். மறுபடி போனது.

“கெடக்கட்டும்பா” என்றாள் வித்யா. சிரிப்பு அவள் முகத்திலிருந்து வடிந்திருந்தது. “அம்மா, நெசமாவே நீ விழுந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பியா?”

இராமலட்சுமி கணவரைப் பார்த்தாள். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ‘சொல்லாம என்ன’ என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். ஆனால் பஸ்ஸில் இரவெல்லாம் தூங்காத பிள்ளையின் கண்கள் எதிரே இருந்தன. அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்து நின்றது.

“சொல்லியிருக்க மாட்டேன்” என்றாள்.

வித்யா தலையசைத்தாள். “தெரியும். போன் போட்டா நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவிய. அந்தக் கணக்கு ஒண்ணுதான் உண்மையச் சொல்லுதுன்னு நெனச்சு, ஆபீஸ்ல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு சாயங்காலப் பஸ்ஸுக்கு மூணு சீட்டு போட்டுட்டுதான் வந்தேன்.” சற்று நிறுத்தினாள். “ரெண்ட கேன்சல் பண்ணட்டுமா?”

மகளுக்குக் கோபம் வந்திருந்தால் இராமலட்சுமி எதிர்த்துப் பேசியிருப்பாள். கேட்டது அழுகிற குரலாக இருந்தது. அங்கே ஆபீஸ் மேஜையில், அப்பா அம்மா மாற்றி மாற்றி விழுவதைப் பார்த்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த நேரமெல்லாம் இவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள்.

சீசன் முடியட்டும் என்று மனைவி ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று தில்லைநாயகம் காத்திருந்தார். அவர் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

“பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று கடைசியில் இராமலட்சுமி கேட்டாள்.

“ஆறுக்கும்மா.”

அவர் கம்ப்யூட்டரை அணைக்காமலே எழுந்து, பரணிலிருந்து பெட்டியை இறக்க முக்காலியைத் தேடிப் போனார்.

“நீங்க ஏறாதிய!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.