இன்னொரு பொட்டலம்

சேனாதிபதிக்கு விடிந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மகள் தாரணிக்குக் கவின்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கு மத்தியான பஸ்ஸை விட்டால் எல்லாம் போச்சு. பூண்டுக் காட்டுக்குப் போவதும், நாலு களையைப் பிடுங்குவதும், வீட்டுக்குத் திரும்புவதுமாக மனுஷர் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"படிச்சு முடிச்சு டிராயிங் மிஸ் ஆவேன்ப்பா."

"அந்தப் பீரியடைத்தேன் கணக்கு வாத்தியாரு பிடுங்கிக்கிடுவாரே! அதுக்கொரு படிப்பா? பேசாம நர்சிங் போ."

கத்தினார், கெஞ்சினார். பெண் அசையவில்லை. கடைசியில், முருகனிடமே பூக்கேட்டுவிடலாம் என்றார். பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் ஓவியம், சிவப்பு வந்தால் நர்சிங். கல்யாணமோ, காடு வாங்குவதோ, அந்த ஊரில் எதற்கும் அதுதானே வழக்கம்? சாமி சொன்னால் மறுபேச்சில்லை. தாரணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியென்றாள்.

பொட்டலம் கட்டியது சேனாதிபதி. ஒன்றில் வெள்ளைச் செவ்வந்தி, மற்றதில் செவ்வரளி வைக்க வேண்டியவர், அடுப்படியில் ஆளில்லை என்று பார்த்து, ரெண்டிலும் அரளியையே வைத்து நூலைச் சுற்றினார். முருகனுக்கே அல்வா! பிள்ளை பிழைப்பில்லாமல் நின்றுவிடுவாளோ என்ற பயம் அவரை அப்படி ஆட்டிவைத்தது.

தேங்காய், பழம், உதிரி வெள்ளைச் செவ்வந்தியோடு பொட்டலங்களையும் தட்டில் ஏந்தி வந்தவள் அவர் மனைவி முருகேஸ்வரி. "முன்னால போங்க, கால் கழுவிட்டு வாரேன்" என்று கோயில் குழாயடியில் பின்தங்கினாள்.

பூசாரி சூடம் காட்டிவிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளைச் செவ்வந்தி.

"முருகா!" என்று அழுதேவிட்டாள் தாரணி. பையை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். சேனாதிபதி பூவையே பார்த்தார். அய்யய்யோ, அரளியைத்தானே வைத்தேன்! தட்டைப் பார்த்தால், உதிரிச் செவ்வந்தியில் ஒன்றுகூட இல்லை.

"இதையும் பாத்துருவோம்" என்று பூசாரி மற்ற பொட்டலத்தில் கை வைத்தார்.

"வேணாம் சாமி!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மூச்சில் கத்தினார்கள்.

படியிறங்கும்போது அவர் மெல்லக் கேட்டார். "ஏன்டி, சாமி கோவிச்சுக்கிட்டா?"

"ரெண்டுலயும் அரளி வச்ச மனுஷன மொதக் கேக்கட்டும். அப்பறம் எங்கிட்ட வரட்டும். அடுப்படி சன்னல் தொறந்துதேன் கெடந்துச்சு."

படியடியில் குனிந்து செருப்பை மாட்டினார். அப்புறம் குரல் உடைந்துபோய், "பொழச்சுக்கிருவாளாடி?" என்றார்.

"சாமியத்தேன் நம்பல. பெத்த புள்ளையவாவது நம்புங்க. வெரசா நடங்க, பஸ்ஸு வந்துரும்."